மாத்திரைக்குச் சேராத கோபம்

ஜனவரி 6

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், என் மகள் உங்களோடு இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை? கடுகு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது, போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் அடித்த கூத்துக்குப் பிறகு மாமா சொன்ன யோசனை இந்தக் கடிதம். "நீங்க ரெண்டு பேரும் கத்துறத அந்தப் பிள்ள கதவோரமா நின்னு கேக்குது. இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக்கோங்க. எழுதும்போது ஒருத்தரை ஒருத்தர் குறுக்க பேச முடியாது பாருங்க" என்றார். லிப்ட் மெக்கானிக் அல்லவா, பாதியில் நின்று போனதைப் பதறாமல் இறக்கத் தெரிந்த மனிதர். அவர் முகத்துக்காக எழுதுகிறேன், உன் முகத்துக்காக இல்லை.

நீ மறந்தது போல் நடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் கடுகைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு வலிப்பு வந்தது. வெந்நீர் அவள் காலில் கொட்டியது. இல்லையென்று சொல்லவில்லை. மறுநாளே நீ வந்து அவள் துணிமணியைப் பையில் அடைத்தாய். "ஆறு மாசம் உனக்கு வலிப்பு வராம இருக்கட்டும், நானே கொண்டாந்து விடுறேன்" என்று வாசலில் நின்று சொன்னாய். பெற்றவள் போய் மூன்று வருஷமாகிற பிள்ளை, கொஞ்ச நாள் நல்ல கையில் இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

கடைசியாக வந்தது அக்டோபர் 12. அந்த வாரமே டாக்டர் பழைய மாத்திரையோடு புது மாத்திரையைச் சேர்த்தார். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆக, ஏப்ரல் 12. காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்.

ஒரே தொல்லை கண். இரண்டு மாத்திரையும் சேர்ந்ததிலிருந்து எல்லாமே இரட்டையாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடையில், தேய்ப்பதற்கு முன் லென்ஸில் அச்சு பார்த்து மூன்று புள்ளி வைத்தால் எனக்கு ஆறு தெரிகிறது. எந்த மூன்று நிஜம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். கடை முதலாளி, "என்ன, லென்ஸுக்குக் கண்ணடிக்கிறியா?" என்கிறார். சமையல்காரனுக்கு நாக்கு மரத்துப்போன கதைதான்.

கடுகிடம் அப்பா கேட்டேன் என்று சொல். நிஜமாகவே சொல்.

தம்பி


ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். கடுகுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டது. பெயருக்கேற்ற காரம் மட்டும் குறையவில்லை, நேற்று மாமாவைப் பார்த்து, "நீங்க மெதுவா சாப்பிடுறதாலதான் சோறு ஆறிப்போவுது" என்றாள்.

உன் கோபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உனக்குப் பதினோரு வயதிலிருந்து எனக்கு அது பழக்கம்.

கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். டாக்டர் இதையெல்லாம் விளக்கிச் சொன்ன அன்று நீ நாற்காலியிலேயே தூங்கி வழிந்தாய், நான்தான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். திரும்பச் சொல்கிறேன். மூளையில் ஒரு செல் அடுத்த செல்லை உசுப்புவதற்கு அனுப்புகிற ரசாயனம் குளுட்டமேட். அதை வாங்கிக்கொள்கிற இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அதில் பல வகை. அம்பா என்ற வகை தட்டியவுடன் திறந்துவிடும். என்.எம்.டி.ஏ என்ற வகையை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும், நன்றாக உசுப்பினால்தான் வழிவிடும். செல்கள் ஒன்றையொன்று அளவில்லாமல் உசுப்பிக்கொண்டே போனால் அதுதான் வலிப்பு. புது மாத்திரை அந்த அம்பா ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, குளுட்டமேட் எவ்வளவு தட்டினாலும் திறக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் தினமும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். எலியின் மூளையை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிசாகச் சீவி, உப்புநீரில் ஆக்ஸிஜன் குமிழி விட்டு உயிரோடு வைத்திருப்போம். அந்த நீரில் மக்னீசியம் இல்லாமல் செய்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டு தானாகவே துடிக்க ஆரம்பிக்கும், திரையில் கோடு எகிறும். உன் புது மாத்திரையின் மருந்தை விட்டால் சில நிமிஷத்தில் கோடு படுத்துவிடும். முதல் தடவை பார்த்தபோது உன்னை நினைத்து அழுதேன்.

கண் போகப் போகச் சரியாகும். டாக்டர் சொல்வதைக் கேள். ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்.

ஆசிகளுடன்,
அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலமே. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அதென்ன பார்க்கலாம்? கடன் கேட்டு வந்தவனிடம் சொல்கிற வார்த்தை அது. பெற்ற பிள்ளையைக் கேட்கிறவனிடம் சொல்வதில்லை.

போகட்டும். நல்ல சேதி ஒன்று. என் கண் பளிச்சென்று ஆகிவிட்டது! மூன்று வாரமாக ஒன்று ஒன்றாகவே தெரிகிறது. நேற்று ஒரு வாத்தியாருக்கு மிகச் சிக்கலான பவர், இரண்டு கண்ணுக்கும் அச்சு வேறு வேறு. ஒரே தேய்ப்பில் கண்ணாடிச் சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா நான் பாத்ததெல்லாம் என்னதுப்பா?" என்று கேட்டார். வலிப்பும் இல்லை. நாலு மாதம் தாண்டியாயிற்று.

ஆனால் கடையில் ஒரே எரிச்சல். எல்லோரும் சேர்ந்து என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண்மணி சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறது, கீறல் இருக்கிறது என்றாள். "கீறல் கண்ணாடியில இல்லம்மா, உங்க மூளையில" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "எட்டு வருஷத்துல நீ இப்படிப் பேசி நான் பாத்ததில்ல" என்றார். எட்டு வருஷமாக வாய் பொத்தி இருந்தது என் தப்பு என்றேன்.

இன்னும் ஐம்பத்தோரு நாள்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். கடுகுக்கு இரண்டு நாளாக இருமல், பயப்பட ஒன்றுமில்லை.

இரட்டைப் பார்வை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். எப்படிப் போயிற்று? சரியாக எப்போதிலிருந்து?

கடையில் நடந்ததைப் படித்தேன். உன் மனதில் என்ன இருக்கிறதோ அதை என்னிடம் அப்படியே எழுது. எதையும் அடக்கி வைக்காதே. நான் உன் அக்கா, என்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவாய்? போனில் வேண்டாம், கடுகுக்கு உன் குரல் உயர்ந்தாலே வயிறு வலிக்கிறது. எழுத்தில் எழுது.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நலமா, சுகமா என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

எப்படிப் போயிற்றோ போயிற்று, உனக்கென்ன? கண் தெளிந்தது கூட உனக்குப் பொறுக்கவில்லையா? குருடனாக இருந்தால் பிள்ளையைக் கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டாயா?

கொட்டு என்றாய். கொட்டுகிறேன், வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மாமா போனை எடுத்தார். பின்னால் கடுகு சத்தம் போட்டாள். "அம்மா, என் பாவாடை எங்க?" என்றாள். யாரைக் கூப்பிட்டாள்? அவள் அம்மா மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். நீ, "இதோ வரேன் கண்ணு" என்றாய். "அத்தைன்னு கூப்பிடு" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருத்தியிருப்பாயா நீ? அடுத்தவன் தோட்டத்தில் வேலி தாண்டி வந்து பறித்துக்கொண்டு போகிறவள்கூட இருட்டில் வருவாள். நீ பட்டப்பகலில் பையோடு வந்தாய்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் லென்ஸ் தட்டுகளைத் தூக்கி அடித்தேன். நாற்பது ஜோடி. முதலாளி துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டி அள்ளினார். "பத்து நாள் வீட்டுல இருப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்கும் உன் வார்த்தைதான் வருகிறது. எல்லோரும் பார்க்கிறவர்கள், நான் ஒருவன் வேடிக்கைப் பொருள்.

எனக்குத் தூக்கமில்லை. கை முஷ்டியாகவே இருக்கிறது, காலையில் பார்த்தால் உள்ளங்கையில் நகத்தடம். வலிப்பு வந்த நாளிலெல்லாம் எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டீர்கள். நின்று பேச ஆரம்பித்தவுடன் ஒருவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12.


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடுகை 12-ம் தேதி அனுப்ப முடியாது.

உன் மார்ச் 9 கடிதத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார். அந்த மனிதனிடம் ஆறு வயதுப் பிள்ளையை விட யாருக்கு மனம் வரும்? அது நீ பேசுகிற பேச்சல்ல, மாத்திரை பேசுகிறது. டப்பாவுக்குள் இருக்கிற தாளிலேயே போட்டிருக்கிறான், எரிச்சல், ஆத்திரம், சண்டை, பிறரைத் தாக்கும் எண்ணம் என்று. குளுட்டமேட்டை மறித்தால் வலிப்பு அடங்குகிறது, சிலருக்கு மூர்க்கம் கிளம்புகிறது. ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. "ஆறு மாசம் வலிப்பு வராமன்னுதான சொன்ன, கோபம் வராமன்னு சொல்லலியே" என்று வாதாடாதே. வெந்நீராலும் காயம் படும், வீசுகிற தட்டாலும் காயம் படும்.

இங்கே பக்கத்துப் பள்ளியில் அவளைச் சேர்த்துவிட்டோம். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். நல்ல பள்ளி. நடக்கிற தூரம்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

அக்கா


ஏப்ரல் 5

எழுதச் சொன்னது எதற்கு என்று இப்போது புரிகிறது. கொட்டு கொட்டு என்று சொல்லிப் பாத்திரம் பிடித்தாய். அடிப்பாவி, கூடப்பிறந்தவனிடமே வாக்குமூலம் வாங்கினாயா?

இதையும் பத்திரப்படுத்து. 12-ம் தேதி காலையில் வருவேன். கடுகின் துணிமணி பையில் இருக்க வேண்டும். கதவைத் திறக்காவிட்டால் உடைப்பேன். நடுவில் எவன் வந்தாலும், மாமாவே ஆனாலும், தள்ளிவிட்டுப் போவேன்.


ஏப்ரல் 14

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்குத் தெரியும். எனக்கு எழுத்து வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

12-ம் தேதி நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. நீ வாசல் கதவை உதைத்தாய். உன் அக்கா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். நீ பூந்தொட்டியை எடுத்து ஜன்னலில் எறிந்தாய், கண்ணாடி முழுவதும் கட்டில்மேல் கொட்டியது. கடுகு அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. பயத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டாள். இதை உன்னை நோகடிக்க எழுதவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்னைப் பிடித்து பஸ் நிலையம் வரை நடத்திக்கொண்டு போனேன். நீ என் சட்டையைக் கிழித்தாய், அது பழைய சட்டை, விடு. பாதி வழியில் நீயே உட்கார்ந்து அழுதாய். அப்போது ஒன்று சொன்னாய். "கண்ணு ரெட்டையா தெரியுதுன்னு பழைய மாத்திரைய ஜனவரி கடைசியிலயே விட்டுட்டேன் மாமா. புதுசுதான் நல்லா கேக்குதே, ரெண்டு எதுக்குன்னு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அதச் சாக்கா வச்சு பிள்ளைய அனுப்ப மாட்டா" என்றாய்.

நான் வாக்கு மீறினேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஐயையோ, அப்படியா" என்பாள் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "தெரியும்" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தேய்த்து வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

பதினாறு வருஷம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் நானும் கூட்டு.

உடனே டாக்டரைப் பார். பழைய மாத்திரையை விட்டதை மறைக்காதே. கடுகை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட்டி வருகிறேன், நடுவழிப் பூங்காவில் பார்க்கலாம். அவள் வர மாட்டேன் என்றால் வற்புறுத்த மாட்டேன்.

உன்,
மாமா


ஜூன் 1

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாக. நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் என் பக்கம். உன் ஜன்னலை உடைத்தேன். கண்ணாடி வேலை செய்கிறவனுக்குத் தெரியும் அது என்ன செய்யும் என்று. கடுகு கட்டிலுக்கு அடியில் இல்லாமல் மேலே இருந்திருந்தால்... அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அதை மாத்திரை மேல் போட மாட்டேன். தொட்டியை எடுத்தது என் கை. கடுகிடம் மன்னிப்புக் கேட்டேன். கடையில் கேட்டேன். மாமாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தேன், அளவு பெரிசாகப் போய்விட்டது. உன்னிடமும் கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, அன்னிக்கு உங்க அக்காவ பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான சொன்னேன்? பழைய மாத்திரை ஈரல முடுக்கிவிடும், புதுச வேகமா கரைச்சு வெளியேத்திடும், அதுக்காகத்தான் புதுசக் கூட்டிக் குடுத்திருக்கேன், பழசத் தொடாதீங்கன்னு? அத நிறுத்தினா புதுசு உடம்புல ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு ஏறிடும். அந்த அளவுல சிலருக்குக் கண்ணு மண்ணு தெரியாத கோபம் வரும். அந்தம்மா வரிக்கு வரி எழுதிக்கிட்டாங்களே!" என்றார்.

புது மாத்திரையைக் குறைத்தார். பழையதற்குப் பதில் கண்ணைத் தொந்தரவு செய்யாத வேறொன்றை மெதுவாக ஏற்றினார். மூன்றாவது வாரம் காலையில் எழுந்தபோது முஷ்டி விரிந்திருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியே உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டேன்.

இன்னொன்று. மருந்தை மாற்றுகிற சமயத்தில், ஏப்ரல் 27-ல், ஒரு வலிப்பு வந்தது. வீட்டில் தனியாக இருந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்தால் என் ஆறு மாதம் அப்படியே நிற்கும். உனக்குச் சொல்கிறேன்.

இனி உன் பக்கம். மார்ச் 3-ல், எப்படிப் போயிற்று, சரியாக எப்போதிலிருந்து என்று கேட்டாய். அடுத்த வரியிலேயே எதையும் அடக்காமல் எழுது என்றாய். என் எரிச்சலையும் தெளிந்த கண்ணையும் சேர்த்துப் பார்த்து உனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்கு ஒரு போன் போதும். எனக்கு ஒரு வரி போதும். நாற்பது நாள் சும்மா இருந்தாய்.

கத்தாமல் கேட்கிறேன். தெரிந்துதான் இருந்தாயா?

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

நலம் விசாரித்திருந்தாய். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மாமா என்னிடம் பேசி இரண்டு மாதமாகிறது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

தெரியும். பிப்ரவரி கடிதத்தைப் படித்த அன்றே சந்தேகம். நீ பதிலை மழுப்பியதும் நிச்சயம். போனைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து கடுகு மடியில் வந்து படுத்தாள், இருமலோடு. ராத்திரி பேசிக்கொள்ளலாம் என்று வைத்தேன். மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அதற்கு மறுநாள் ஏதோ ஒன்று. அப்புறம் எடுக்கவே இல்லை. நீ திட்டித் திட்டி எழுத எழுத எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு கடிதமும் அவள் இங்கேயே இருப்பதற்கு ஒரு காரணம். போதுமா? இதைத்தானே கேட்டாய்?

இப்போது நான் கொட்டுகிறேன், நீ வாங்கிக்கொள். உனக்கு முதல் வலிப்பு வந்தபோது எனக்குப் பதினெட்டு. அம்மா பயந்துபோய் அறைக்கு வெளியே நிற்பாள், உள்ளே உன் தலையைப் பிடிப்பது நான். பரீட்சை நாளில் நீ விழுந்தாய், நான் பரீட்சைக்குப் போகவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நீ விழுந்தாய், அவர்கள் எழுந்து போனார்கள். உனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. எனக்கு இரண்டும் தாமதம், ஒன்று வரவே இல்லை. ஒரு நாளாவது, "அக்கா, உனக்கு என்ன வேணும்?" என்று யாராவது கேட்டீர்களா? உன் கோபத்துக்கு மாத்திரை மேல் பழி போடலாம். நான் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை, எனக்கும் வயிறு எரிகிறது. அதை எந்த டாக்டரிடம் காட்டுவது?

அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டபோது நான் திருத்தவில்லை. திருத்தியிருக்கவும் மாட்டேன்.

பள்ளி திறந்துவிட்டது. ஏப்ரல் 27-ல் வலிப்பு வந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் என்றால் அக்டோபர் 27. அதுவரை இருக்கட்டும். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நலம். மாமா உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார், நல்லது. பேசச் சொன்னது நான்தான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பரீட்சை விஷயம் எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிட்டேன், அது சௌகரியமாக இருந்தது. பதினோரு வயதிலிருந்து என் தலை தரையில் மோதாமல் பிடித்தவள் நீ. அதற்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நீ கேட்டிருந்தால் என் ஆயுளில் பாதியைக் கொடுத்திருப்பேன். பிள்ளையைத் தவிர எதைக் கேட்டிருந்தாலும்.

அக்டோபர் 27 வரை காத்திருக்க மாட்டேன். ஆறு மாதம் என்பது டாக்டர் வைத்த கெடு இல்லை, நீ வைத்தது. டாக்டரிடம் கேட்டேன். வலிப்பு திரும்ப வரலாம், வராமலும் போகலாம், வந்தால் என்ன செய்வது என்று ஏற்பாடு இருந்தால் போதும் என்றார். குளிப்பாட்டுவதற்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுப்பில் நான் தனியாக நிற்பதில்லை. கடுகுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அப்பா விழுந்தால் பக்கத்தில் இருப்பதை நகர்த்து, வாயில் எதையும் வைக்காதே, நர்ஸம்மா கதவைத் தட்டு என்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வரை மாமா முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். நாலாவது ஞாயிறு கிட்டே வந்து, "இப்ப உங்களுக்கு மாத்திர சரியா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப ஊஞ்சல தள்ளுங்க" என்றாள்.

போன வாரம் நானாகக் கேட்கவில்லை, அவளே சொன்னாள், வீட்டுக்கு வருகிறேன் என்று. இங்கே பள்ளியில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மாமா கூட்டி வருவார். அவள் உன்னைத் தேடினால் அன்றைக்கே அனுப்பி வைப்பேன், ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். உன்னை அவள் எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் நீ என் வீட்டுக்கு வராதே. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம். என் மூளை கெட்டுக்கொண்டிருப்பதை நாற்பது நாள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளை என் வாசலில் நிறுத்த எனக்கு மனமில்லை. எப்போது மனம் வரும் என்றும் தெரியவில்லை.

நேற்று, இதுவரை எழுதியதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், கோபம் தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று. இரண்டு பக்கமும் படித்தார். "தெரியுது" என்றார். மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இது உங்களோடது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி